மைனஸ் முப்பதில் பழுதுபார்ப்பு: குளிர் ஊர்களில் மின்சாதனங்களுக்குச் செய்யக் கூடாதவை

கனடாவின் வடமேற்கு ஆட்புலங்களின் தலைநகரம் யெல்லோநைஃப். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி அங்கே சாதாரண நாள். மைனஸ் 40ம் வரும். வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் 21 டிகிரி, அந்தப் பக்கம் மைனஸ் 30. இந்த ஐம்பது டிகிரி வித்தியாசத்தைக் கடந்துதான் ஒவ்வொரு டிவியும் மடிக்கணினியும் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகின்றன, மறுசுழற்சி மையத்துக்கும் போகின்றன. குளிர் ஊர்களில் பொருள் பாழாவது பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே. போதாததற்கு, குளிரால் தற்காலிகமாக மயங்கிக் கிடக்கும் பொருளைச் செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிவதும் நடக்கிறது.

இங்கே சொல்பவை யெல்லோநைஃப், இனுவிக் போன்ற ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்பவை. வின்னிபெக்கிலும் எட்மன்டனிலும் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும். டொராண்டோவில் பிப்ரவரி மாதக் கராஜுக்கும் பாதி பொருந்தும்.

உள்ளே கொண்டுவந்த உடனே சுவிட்சைப் போடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த டிவிக்குள்ளும் அதுதான் நடக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வீட்டுக்குள் 21 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 3 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். மைனஸ் 30இல் வண்டியில் கிடந்த டிவியின் பவர் போர்டு 3 டிகிரியைத் தாண்டப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் மின்சாரம் கொடுத்தால் ஈரமான போர்டில் சில நூறு வோல்ட் ஓடும். அப்புறம் புகைதான்.

செய்ய வேண்டியது எளிது. வெளியே, குளிரிலேயே, பொருளைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி வாயை டேப்பால் ஒட்டுங்கள். பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். பைக்குள் இருப்பது குளிர் ஊரின் வறண்ட காற்று, அதில் படிய நீரே கிடையாது. வியர்ப்பதெல்லாம் பையின் வெளிப்புறத்தில்தான். போனுக்கு இரண்டு மணி நேரம், மடிக்கணினிக்கு ஆறு மணி நேரம், பெரிய டிவிக்கு ஒரு முழு நாள் விடுங்கள். உள்ளே கொண்டுவந்த பிறகு பையில் போடுவது வீண். ஈரமான வீட்டுக் காற்றையும் சேர்த்து அடைத்ததாகிவிடும்.

அவசரத்தில் ஹேர் டிரையரைக் காட்டுபவர்கள் உண்டு. ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் உறைந்தே இருக்கும் கண்ணாடி விரிசல் விடும். எல்சிடி திரை கடுங்குளிரில் மங்கிப் போகும், படம் இழுத்துக்கொண்டு நகரும், சில சமயம் ஒன்றுமே தெரியாது. உள்ளிருக்கும் திரவப் படிகம் கெட்டியாகிவிட்டதன் விளைவு அது. வெப்பம் வந்ததும் பெரும்பாலும் தானாகத் திரும்பும். ஒரு நாள் பொறுத்தால் பிழைக்கும் திரைகளைப் பொறுமையில்லாமல் குப்பைக்கு அனுப்புகிறோம். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

குளிர்ந்த பொருளைத் திறப்பதும் கூடாது. உறைந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் போல நொறுங்கும். போனின் முதுகுக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை கல்லாகிவிட்டிருக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின், கை தாங்கும் சூட்டில் ஓரங்களை இரண்டு மூன்று நிமிடம் இதமாக்கிய பிறகே நெம்ப வேண்டும்.

யெல்லோநைஃப் குப்பைக் கிடங்கில் இருந்து நல்ல பொருளைத் தேடி எடுப்பது ஊர்க்காரர்களுக்கு நெடுநாள் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் பனியில் கிடந்த பொருளுக்குள் காற்றோட்டத் துளை வழியே பொடிப்பனி புகுந்திருக்கும், அதைப் பை காப்பாற்றாது. வெப்பம் ஏறியதும் முதுகைக் கழற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் திறந்த நிலையில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நம் ஊர் ரேடியோ கடைக்காரர்களின் சீரிஸ் பல்பு இங்கேயும் உதவும். 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து, அதன் வழியே மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்குங்கள், உள்ளே ஷார்ட் இருக்கிறது. பெரிய டிவிக்களில் பல்பு விட்டுவிட்டு எரியலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்வது

குளிரில் போன் 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். பேட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்குவார்கள். உண்மையில் குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறுகிறது. போன் கொஞ்சம் அதிகமாக மின்சாரம் கேட்ட கணத்தில் வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. அறை வெப்பத்துக்கு வந்தபின் அதே பேட்டரியை ஒரு முழுச் சுற்று பயன்படுத்திப் பார்த்து, அப்போதும் சீக்கிரம் தீர்ந்தால் மட்டும் மாற்றுங்கள்.

குளிரில் பயன்படுத்துவது தற்காலிகத் தொல்லை. சார்ஜ் செய்வது நிரந்தரக் கேடு. லித்தியம் அயான் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே அந்த நுழைவு மிக மெதுவாகிறது. உள்ளே போக முடியாத லித்தியம் வெளிப்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடும். அது திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு குறையும், படிந்த உலோகம் ஊசி போல வளர்ந்து உள்ளுக்குள் ஷார்ட்டும் ஆகலாம். கராஜில் இருந்த டிரில், பனி தள்ளும் இயந்திரத்தின் பேட்டரி, மின்சைக்கிள் பேட்டரி எதையும் உள்ளே கொண்டுவந்து தொட்டால் சில்லென்று இல்லாத நிலைக்கு வந்த பிறகே சார்ஜரில் போடுங்கள். நல்ல சார்ஜர்கள் குளிர்ந்த பேட்டரியை ஏற்காது, சிவப்பு விளக்கு காட்டும். அது சார்ஜரின் பழுது என்று நினைத்து, பாதுகாப்புச் சர்க்யூட்டைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுப்பவர்கள் தீயோடு விளையாடுகிறார்கள்.

உப்பிய பேட்டரிக்கு வேறு நியாயம். அதைக் குளிரவைத்துப் பிய்த்தால் பத்திரம் என்று நம்புகிறார்கள். பசை இறுகியிருப்பதால் பலம் கொடுத்து நெம்ப வேண்டிவரும், பேட்டரி மடங்கும், மடிந்த இடத்தில் உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகும். அறை வெப்பத்தில், சார்ஜ் முடிந்தவரை இறங்கிய நிலையில், பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல எடுங்கள். உலோகக் கருவி வேண்டாம், ஓட்டை போடவே வேண்டாம். எடுத்ததை உலர்ந்த மணல் பாதி நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, மேலேயும் மணல் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்து, வீட்டோடு ஒட்டாத கொட்டகையில் வையுங்கள். பனியில் புதைத்து வைத்தால் வசந்தத்தில் ஈரத்தில் கிடக்கும்.

வெளியே வைக்கும் வெப்பமானி, கதவு சென்சார் போன்றவற்றில் சாதாரண அல்கலைன் பேட்டரி போட்டு, டிசம்பரில் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அல்கலைனின் மின்பகுபொருள் நீர் சார்ந்தது, மைனஸ் 20க்குப் பக்கத்தில் சோர்ந்துவிடும். 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ பேட்டரி மைனஸ் 40 வரை வேலை செய்யும். அதே அளவில் 3.6 வோல்ட் லித்தியமும் கிடைக்கிறது, வாங்கும்போது வோல்டேஜைப் படியுங்கள்.

கம்பளிச் சட்டையோடு போர்டைத் தொடுவது

மைனஸ் 30 காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பாலைவனத்துக்கும் கீழே போய்விடும். 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் கம்பளத்தின் மேல் நடப்பவரின் உடலில் 35,000 வோல்ட் வரை நிலைமின்சாரம் சேரலாம். அதே நடை 65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள இடத்தில் 1,500 வோல்ட்டைத்தான் உண்டாக்கும். சென்னையில் வெறுங்கையால் ரேம் மாற்றிப் பழகியவருக்கு வடக்கில் அதே பழக்கம் கைகொடுக்காததன் காரணம் இதுதான். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை நம் விரலே உணராது. சில்லுகளில் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற நுண்ணிய டிரான்சிஸ்டரைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இன்னும் மோசம், சில்லு உடனே சாகாமல் அரைகுறையாகக் காயப்பட்டு இரண்டு மாதம் கழித்துச் சாகும். பழுதுபார்த்தவருக்குக் காரணமே புரியாது.

ஈரப்பதமூட்டி வைத்து அறையை 45 சதவீதத்துக்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். வெளியே மைனஸ் 30 இருக்கும்போது அப்படிச் செய்தால் ஜன்னலில் ஐஸ் கட்டும், சுவருக்குள் நீர் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் குளிரில் வீடு தாங்குவது 20 சதவீதம் போல்தான். ஆகவே கைப்பட்டைதான் வழி. 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ளடங்கிய மணிக்கட்டுப் பட்டையை வாங்கி, எர்த் உள்ள இடத்தில் இணையுங்கள். இணைத்த இடத்தில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் முதலில் பாருங்கள். ஃபிளீஸ் ஜாக்கெட்டையும் கம்பளிச் சட்டையையும் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டையில் உட்காருங்கள். கம்பளம் விரித்த தரையைத் தவிர்த்து சமையலறை மேசைக்குப் போங்கள். மின்சாரம் ஓடும் பவர் போர்டில் அளவெடுக்கும்போது மட்டும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

சாலிடரிங் புகையும் குளிர்காலத்தில் தனிச் சிக்கல். ஜன்னலைத் திறக்க முடியாது என்று மூடிய அறையில் சாலிடர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையின் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்கிறார்கள். அடுப்பின் மேலே வெளிக்காற்றில் திறக்கும் புகைபோக்கி விசிறி இருந்தால் அதன் கீழே வேலை செய்யுங்கள்.

கெபாசிட்டரை அளவு பார்த்து மட்டும் வாங்குவது

கெபாசிட்டர் என்பது போர்டில் மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் பாகம். தலை உப்பிய கெபாசிட்டரை மாற்றினாலே பழைய டிவி, மானிட்டர் பல உயிர்பெறும். பலர் மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். குளிர் ஊரில் கீழ் வெப்ப எல்லையையும் பார்க்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களில் மைனஸ் 25, மைனஸ் 40, மைனஸ் 55 என்று வகைகள் உண்டு. குளிரில் உள்ளிருக்கும் திரவம் தடித்து உள்தடை ஏறுவதால், வெப்பமில்லாத கராஜ் ரேடியோவும் கதவுத் திறப்பானும் காலையில் கிளம்ப மறுக்கும், சற்று நேரம் கழித்துக் கிளம்பும். இந்த அறிகுறி தெரிந்தால் அதே மைக்ரோஃபாரட்டில், அதே வோல்ட் அல்லது அதற்கு அடுத்த படியில், மேல் எல்லை 105 டிகிரியும் கீழ் எல்லை மைனஸ் 40 அல்லது அதற்கும் கீழும் உள்ள, உள்தடை குறைந்த ரகத்தை வாங்குங்கள்.

பிடுங்கிவைத்த பிறகும் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் கிட்டத்தட்ட 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பழைய கெட்ட பழக்கம். 2 கிலோ ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடிகளால் சில விநாடிகள் வைத்து இறக்கி, பிறகு மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள். மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்கவே வேண்டாம். அதன் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், உயிரைக் குடிக்கும்.

2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயச் சாலிடரைக் கட்டுப்படுத்திய பிறகு வந்த போர்டுகள் பெரும்பாலும் ஈயமில்லாதவை. பழைய ஈயச் சாலிடர் 183 டிகிரியில் உருகும், இவை 217 டிகிரிக்கு மேல். சாலிடரிங் இரும்பை 350 டிகிரியில் வையுங்கள்.

நோயை விட்டு அறிகுறியை மாற்றுவது

துணி உலர்த்தி நின்றுவிட்டது. மல்டிமீட்டரில் பார்த்தால் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது. மலிவான பாகம், மாற்றுகிறார்கள், ஓடுகிறது. பத்து நாளில் மறுபடி நிற்கிறது. குளிர் ஊரில் இது குளிர்காலத்துக்கே உரிய நோய். ஒரு சுமை துணியிலிருந்து ஓரிரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் வெப்பமில்லாத பரணைக் கடந்தால் உள்ளே நீராகி, வெளி மூடியில் ஐஸாகி, பஞ்சோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காக்கிறது. அதை ஒயரால் குறுக்கே இணைத்து ஓட்டுபவர்கள் தீயை வரவேற்கிறார்கள்.

ஃபியூஸுக்கு முன் குழாயைப் பாருங்கள். 4 அங்குல விறைப்பான உலோகக் குழாய் வேண்டும். ஃபாயில், பிளாஸ்டிக் குழாய்களை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பகுதியைக் கடக்கும் நீளம் முழுவதையும் இன்சுலேஷனால் சுற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வையுங்கள். வெளி வாயில் சல்லடை இருந்தால் கழற்றுங்கள், பஞ்சு முதலில் பிடிப்பது அதில்தான். வெளியே போய் மூடி அசைகிறதா என்று குளிர்காலம் முழுக்க அவ்வப்போது பாருங்கள். உலர்த்தியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், கனடாவில் அது 240 வோல்ட்.

கராஜ் பிரிட்ஜும் இப்படித்தான். ஏப்ரலிலோ அக்டோபரிலோ உறையறையில் இறைச்சி இளகிக் கிடக்கும். கம்ப்ரசர் போய்விட்டது என்று பிரிட்ஜையே தள்ளிவிடுவார்கள். பல மாடல்களில் தெர்மோஸ்டாட் உறையறையில் இல்லை, பிரிட்ஜின் மற்ற அறையில்தான் இருக்கிறது. கராஜே 3 டிகிரியில் இருந்தால் போதுமான குளிர் இருக்கிறது என்று அது நினைத்துக் கம்ப்ரசரை ஓட்டாது. உறையறையும் மெல்ல 3 டிகிரிக்கு ஏறும். கடும் ஜனவரியில் இந்தப் பிரச்சினை தெரியாது, ஏனென்றால் கராஜே உறைபெட்டிதான். பிரிட்ஜ் நலமாக இருக்கிறது, இடம்தான் தவறு. கையேட்டில் எந்த வெப்பத்துக்குக் கீழே வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும், பல மாடல்களுக்கு அது 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிரில் இருந்த பிரிட்ஜை உள்ளே கொண்டுவந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் கழித்தே ஓட்டுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் தேன் போல் தடித்திருக்கும்.

பழுதுபார்க்கவே கூடாத ஒரு பொருள் உண்டு: கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. எண்ணெய் உலையும் விறகடுப்பும் இரவு பகலாக எரியும் ஊரில் இதன் மேல் உயிர்கள் தொங்குகின்றன. அதன் சென்சாருக்கு 7 முதல் 10 ஆண்டு ஆயுள். பேட்டரி மாற்றினால் விளக்கு எரியும், சோதனைப் பொத்தானும் கத்தும், ஆனால் சென்சார் செத்திருக்கலாம். பின்புறத் தேதி கடந்ததைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

மறுசுழற்சிக்குப் போகும் வழியில்

வடமேற்கு ஆட்புலங்களில் மின்சாதன மறுசுழற்சித் திட்டம் 2016 பிப்ரவரி 1 முதல் நடக்கிறது. டிவி, கணினி, மானிட்டர், பிரிண்டர் போன்றவற்றைப் புதிதாக வாங்கும்போதே அதற்கான கட்டணத்தைச் செலுத்திவிடுகிறோம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் குப்பையில் போடுவது இரட்டை நட்டம். தோண்டிப் புதைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். 1948 முதல் 2004 வரை இயங்கிய ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரைஆக்சைடு என்ற நச்சுத் தூசி நிலத்துக்கடியில் கிடக்கிறது. அது நீரில் கரைந்து ஏரிக்குப் போகாமல் காக்க அந்த அறைகளைச் சுற்றிய பாறையை உறையவைத்துப் பராமரிக்கும் பெரும் வேலை நடக்கிறது. புதைத்ததைக் காவல் காப்பது எவ்வளவு காலத்து வேலை என்று இந்த ஊருக்குத் தெரியும்.

பழைய படக்குழாய் டிவியின் கண்ணாடியில் கிலோக்கணக்கில் ஈயம் இருக்கிறது, எல்இடிக்கு முந்தைய எல்சிடி திரைகளின் பின்விளக்குக் குழாய்களில் பாதரசம். உடைக்காமல் கொடுத்தால்தான் இவை அடங்கி இருக்கும். முற்றத்தில் பனிக்கடியில் ஒரு குளிர்காலம் வைத்துவிட்டு வசந்தத்தில் மண்வெட்டியோடு தேடினால் கண்ணாடி எப்படி முழுசாக இருக்கும்? செம்புக்காக ஒயரை எண்ணெய்ப் பீப்பாயில் எரிப்பதையும் விட்டுவிடுங்கள். பிவிசி உறை எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு உண்டாகும், வந்த காசு மிகச் சொற்பம்.

சலவை இயந்திரத்தை ஏற்றுமுன் கீழ் வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பம்பில் தங்கிய தண்ணீர் வண்டியிலேயே உறைந்து உறையைப் பிளக்கும், இன்னொருவருக்கு உதவியிருக்கக்கூடிய பம்ப் அது. பிரிட்ஜின் குழாயை வெட்டாதீர்கள். பல பிரிட்ஜ்களில் குளிரூட்டியாக இருக்கும் ஆர்-134ஏ வாயு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வலிமை உடையது. புதிய பிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றும். உரிமம் பெற்றவர் உறிஞ்சி எடுக்கட்டும். தரவுகளை வீட்டிலேயே, கருவி அறை வெப்பத்தில் ஓடும்போதே அழித்துவிடுங்கள். மையத்தின் குளிர்ந்த கொட்டகையில் அது கிளம்பவே கிளம்பாது.

பேட்டரிகளைத் தனியே பிரித்து, முனைகளில் டேப் ஒட்டிக் கொடுங்கள். சேதமான, உப்பிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பச் சட்டம் இடம் தராது. தரைவழி இருக்கும் ஊர்களுக்கு இது பெரிய தடை இல்லை. மெக்கன்சி ஆற்றின் மேல் 2012 நவம்பர் 30 அன்று டே சோ பாலம் திறந்த பிறகு யெல்லோநைஃபுக்கு ஆண்டு முழுக்கச் சாலை உண்டு. அதற்கு முன் ஆறு உறையும்போதும் உருகும்போதும் வாரக்கணக்கில் வழி அடைபட்டது. இனுவிக் போகும் சாலையில் ஆறுகளைக் கடக்க இன்றும் கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிச்சாலை, இடையில் ஒன்றுமில்லை. பக்கத்து ஆட்புலமான நூனவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியிலிருந்து சாலையே கிடையாது, கோடையில் வரும் சரக்குக் கப்பல்தான். அங்கே இருப்பவர்கள் கெட்ட பேட்டரியைக் கப்பல் வரும்வரை வைத்திருந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன மணல் டப்பாவை செப்டம்பரிலேயே தயார் செய்துவிட்டால், டிசம்பரில் அலைய வேண்டாம்.

அதே தூரம்தான் உதிரிபாகங்களுக்கும். டிவியைக் கொடுத்துவிடுமுன் பவர் போர்டு, எல்இடி பட்டைகள், ரிப்பன் கேபிள், ரிமோட், தாங்குகால் திருகுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று மையத்தில் கேளுங்கள். முழுதாகத்தான் வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. கழற்றிய போர்டை வெள்ளிநிற நிலைமின் காப்புப் பையில் போடுங்கள். இளஞ்சிவப்புப் பை தானாக மின்னேற்றம் உண்டாக்காது, ஆனால் வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது. பையின் மேல் டேப் ஒட்டி, டிவியின் மாடல் எண், போர்டில் அச்சிட்டிருக்கும் எண், கழற்றிய தேதி, திரை உடைந்ததா பவர் போனதா என்ற ஒரு வரி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். குளிர்ந்த கொட்டகையில் பால்பாயின்ட் பேனா எழுதாது.